மணல் தின்ற இரும்பு

எங்கள் பட்டறை மேசையின் கீழ் டிராயரில் ஒரு குழாய் பெண்ட் கிடக்கிறது. மூன்று அங்குலம், சாதாரண எம்.எஸ்., அதாவது மைல்ட் ஸ்டீல். அதன் வெளிவளைவில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. ஓட்டையின் ஓரம் பிளேடு போல மெலிந்திருக்கும், கவனமில்லாமல் தடவினால் கை வெட்டிக்கொள்ளும். உள்பக்கம் ஒரு பொட்டுத் துரு இல்லை. எவர்சில்வர் டம்ளருக்குள் பார்ப்பது போலப் பளபளவென்று இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் அந்தப் பளபளப்பில் சின்னச் சின்ன அலைகள் தெரியும், ஏரியில் தண்ணீர் வற்றிய பிறகு மணலில் நிற்குமே வரிகள், அதே மாதிரி.

இதை வெட்டி எடுத்து நான்கு வருஷம் ஆகிறது. பழைய இரும்புக்குப் போட எனக்கு மனம் வரவில்லை.

அயோத்தியாப்பட்டணத்தைத் தாண்டி, ஆத்தூர் ரோட்டில் உள்ள ஒரு சேகோ மில்லில் இருந்து வந்தது அது. சேலத்துக்காரர்களுக்குச் சேகோ மில்லை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மரவள்ளியை, எங்கள் பக்கத்துப் பேச்சில் குச்சிக்கிழங்கை, லாரியில் கொண்டுவந்து கொட்டுவார்கள். கழுவி, தோல் உரித்து, அரைத்து, சல்லடையில் சலித்தால் திப்பி ஒரு பக்கம் போகும், மாவுப்பால் ஒரு பக்கம் வரும். மாவுப்பாலைத் தொட்டியில் தேக்கி, அடியில் படிகிற மாவை வெட்டி எடுத்து, குலுக்கி உருட்டி, வறுத்து, களத்தில் காயவைத்தால் ஜவ்வரிசி. உலகப்போரில் வெளிநாட்டு ஜவ்வரிசி வராமல் நின்றுபோன 1940களில் சேலத்தில் வேர்விட்ட தொழில் இது.

கிழங்கு நிலத்திலிருந்து நேராக வருவதால் செம்மண்ணும் மணலும் சரளையும் சேர்ந்தே வரும். கழுவுகிற தொட்டியில் இறங்கும் அந்தச் சேற்றுத் தண்ணீரை ஒரு பம்பு உறிஞ்சி, மில்லின் பின்னால் இருக்கும் குட்டைக்குத் தள்ளும். குழாய் ஒரு சுவர் மூலையில் திரும்புகிறது. அந்தத் திருப்பத்தில் இருந்ததுதான் என் டிராயரில் இருக்கும் பெண்ட்.

"மறுபடியும் ஓட்டை உழுந்துருச்சு பாப்பா" என்று மேஸ்திரி போன் செய்வார். அப்பா காலத்தில் இருந்தே எங்கள் பட்டறையில் இருப்பவர், எனக்கு இரண்டு குழந்தைகள் ஆன பிறகும் அவருக்கு நான் பாப்பாதான். கிழங்கு சீசனில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை இந்தப் போன் வரும். வெல்டிங் செட்டைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு பேட்ச் வைத்துவிட்டு வருவோம். பேட்சும் ஓட்டையாகும்.

அப்பா இறந்த பிறகு பட்டறையை நான் ஏற்று நடத்திய முதல் சீசன் அது. நானும் மெக்கானிக்கல் படித்தவள்தான். இரும்பைத் தேய்க்கிறதா, சரி, இன்னும் கெட்டியான இரும்பைப் போடு என்று நினைத்தேன். பாடப்புத்தகத்திலும் அதற்கு ஆதாரம் உண்டு. 1953 இல் ஆர்ச்சர்டு என்ற ஆங்கிலேயர் எழுதிய தேய்மான விதிப்படி, அழுத்தமும் உரசுகிற தூரமும் கூடினால் தேய்மானம் கூடும், பரப்பின் கடினம் கூடினால் குறையும். ஒரு ஃபவுண்டரியில் சொல்லி, அரம் வழுக்குகிற அளவுக்குக் கடினமான வார்ப்பிரும்பில் பெண்ட் வார்த்து மாட்டினோம்.

பதினொரு நாள் தாங்கியது. தேயவில்லை, உடைந்தது. கிழங்கோடு வந்த ஒரு கல், எலுமிச்சம்பழத்தில் பாதி இருக்கும், பம்பைத் தாண்டி வந்து பெண்டின் வெளிவளைவில் மோதியிருக்கிறது. மண் பானை மாதிரி குறுக்கே விரிசல். "என்னம்மிணி, இரும்புக்கே இந்தக் கதியா?" என்று மில் முதலாளி கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று இரவுதான் கல்லூரிக்குப் பிறகு முதன்முறையாக உலோக வலிமை பற்றிய புத்தகத்தைத் திறந்தேன். ஒரு வேலைக்காகத் திறந்தது, அதில் வருகிற மனிதர்களின் மேல் பிரியம் வந்து இன்றுவரை மூடவில்லை.

முதலில் பிடித்துக்கொண்டது ஒரு கப்பலின் கதை. 1943 ஜனவரியில், அமெரிக்காவின் போர்ட்லாந்து துறைமுகத்தில் ஸ்கெனெக்டடி என்ற புத்தம் புதிய டேங்கர் கப்பல், கடல் சோதனையை அப்போதுதான் முடித்துவிட்டு வந்து அலையில்லாத தண்ணீரில் கட்டிக் கிடந்தது. புயல் இல்லை, குண்டு விழவில்லை. திடீரென்று பெருஞ்சத்தத்தோடு நடுவில் பிளந்துவிட்டது. போருக்காக அவசர அவசரமாக வெல்டிங்கில் கட்டிய லிபர்ட்டி கப்பல்களிலும் இப்படி விரிசல்கள் விழுந்துகொண்டிருந்தன. வெல்டிங்கைத்தான் எல்லாரும் குற்றம் சொன்னார்கள். கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற பெண்மணி தகட்டுத் துண்டுகளைக் குளிரவைத்து உடைத்து உடைத்துப் பார்த்து, எஃகே ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே நொறுங்கும் தன்மைக்கு மாறிவிடுகிறது என்று காட்டினார். வெல்டிங் விரிசலுக்குத் தடையில்லாத வழி போட்டுக் கொடுத்தது உண்மை. ரிவெட் அடித்த கப்பலில் விரிசல் ஒரு தகட்டின் ஓரத்தோடு நின்றுவிடும், வெல்டிங் செய்த கப்பலில் தகடு விட்டுத் தகடு ஓடும். ஆனால் அந்த விரிசலை ஓடவிட்டது எஃகின் குணம்.

எனக்கு இதில் உறைத்தது, கடினம் வேறு, உறுதி வேறு என்பது. கீறினால் கீறல் விழாதது கடினம். அடித்தால் கொஞ்சம் நெளிந்தாவது உடையாமல் நிற்பது உறுதி. நான் முதலாவதை வாங்கப்போய் இரண்டாவதை விற்றுவிட்டிருந்தேன்.

கையில் ஒரு பைண்டிங் கம்பி இருந்தால் இதைச் செய்து பாருங்கள். ஓரிடத்தில் வளையுங்கள், சுலபமாக வளையும். திரும்ப நேராக்கப் பாருங்கள். வளைந்த இடம் நிமிராது, அதன் பக்கத்தில் புதிதாக ஒரு வளைவு விழும். வளைந்த இடம் கெட்டியாகிவிட்டது. விடாமல் அங்கேயே மடக்கினால் டக்கென்று முறியும். பட்டறையில் தினமும் நடக்கிற காரியம். ஏன் இப்படி என்பதற்கு 1934 இல் டெய்லர், ஒரோவான், பொலானி மூவரும் தனித்தனியாக ஒரே விடையைச் சொன்னார்கள். அதுவரை பெரிய புதிர் ஒன்று இருந்தது: அணுக்களின் பிணைப்பைக் கணக்கிட்டால் உலோகம் எவ்வளவு விசை தாங்க வேண்டுமோ, அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு விசைக்கே சுத்தமான உலோகப் படிகம் வளைந்து கொடுத்தது.

விடையை அம்மாபேட்டைத் தறியில் வைத்துச் சொல்கிறேன், எனக்கு அப்படித்தான் புரிந்தது. பாவில் இழைகள் வரிசையாக ஓடுகின்றன. நடுவில் ஒரே ஓர் இழை மட்டும் பாதித் துணியோடு முடிந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது முடிகிற இடத்தில் பக்கத்து இழைகள் கொஞ்சம் இழுபட்டு நெளிந்திருக்கும். உலோகத்துக்குள்ளும் அணுக்களின் அடுக்கு ஒன்று இப்படிப் பாதியில் முடிகிற இடங்கள் உண்டு. தள்ளினால் அடுக்கு முழுவதும் ஒரேயடியாக நகர வேண்டியதில்லை, அந்த முடிவு மட்டும் ஒவ்வோர் இழையாகத் தாவி நகர்ந்தால் போதும். அதனால்தான் இரும்பு வளைகிறது. வளைக்க வளைக்க இந்தப் பாதி இழைகள் பெருகி, ஒன்றில் ஒன்று சிக்கி, நகர முடியாமல் நிற்கும். கம்பி கெட்டியாவது அதனால்தான். இருபத்திரண்டு வருஷம் இது ஒரு கருத்தாகவே இருந்தது. 1956 இல் கேம்பிரிட்ஜில் பீட்டர் ஹிர்ஷும் கூட்டாளிகளும் மெல்லிய அலுமினியத் தகட்டை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தபோது, அந்தக் கோடுகள் கண்முன்னே நகர்ந்தன. அந்த அறையில் நின்றிருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

நம்ம சேலம் இரும்பாலையில் எவர்சில்வர் தகட்டைச் சூடாக்காமல் உருளைகளுக்கு நடுவே அழுத்தி இழுக்கிறார்களே, அந்தத் தகடு விறைப்பாவதும் இதே சிக்கலால்தான். திரும்ப இளக்க உலையில் காய்ச்சி எடுக்க வேண்டும். இரும்பாலை ரோட்டில் எத்தனையோ முறை போயிருக்கிறேன், உள்ளே இந்த வேலைதான் நடக்கிறது என்று தெரிந்த பிறகு அந்தச் சுற்றுச்சுவரே வேறு மாதிரி தெரிகிறது.

ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும் என்ற இந்த இழுபறிக்கு ஒரு நல்ல விதிவிலக்கு உண்டு. 1951 இல் ஹாலும் 1953 இல் பெட்சும் கண்டுபிடித்தது. உலோகம் என்பது குட்டிக் குட்டிப் படிகங்கள் ஒட்டிக் கிடப்பதுதான், அவற்றை மணிகள் என்பார்கள்; அந்த மணிகள் பொடிசாக ஆக, வலிமை கூடுகிறது. மணியின் அளவு நான்கில் ஒன்றானால் அதனால் கிடைக்கிற வலிமை இரட்டிப்பாகும். கூடவே உடையாத உறுதியும் கூடும். இன்றைக்கு நாம் வாங்குகிற நல்ல கட்டுமான எஃகு பலவும் இந்த ஒரு உறவை நம்பித்தான் செய்யப்படுகின்றன.

சரி, பெண்டுக்கு வருகிறேன். உடைந்த பிறகு நான் செய்த இரண்டாவது காரியம், குழாயை ஆறு அங்குலமாக மாற்றியது. பெரிய குழாயில் தண்ணீர் மெதுவாகப் போகும், மெதுவாகப் போனால் தேயாது. யோசனை தப்பில்லை. மூன்றாம் நாள் காலை பம்பு கத்துகிறதே தவிர குட்டையில் தண்ணீர் விழவில்லை. குழாயைக் கழற்றினால் முக்கால்வாசி வரைக்கும் மணல் இறுகிக் கிடந்தது. இரண்டு ஆள் ஒரு நாள் முழுக்கக் கடப்பாரையால் குத்தி எடுத்தார்கள். மில் நின்றது. அந்த நாள் கூலியை முதலாளியிடம் நான் கேட்கவில்லை.

அப்புறம்தான் குழாயில் மணல் ஓடுவதைப் பற்றித் தேடிப் படித்தேன். இந்தத் துறையில் ஆரம்பகால ஆய்வுகளில் ஒன்று ஒரு இளம்பெண்ணுடையது. நோரா ஸ்டான்டன் பிளாட்ச், 1905 இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சிவில் இன்ஜினியரிங் பட்டம் வாங்கியவர், அமெரிக்காவில் அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண்களில் ஒருவர். ஒரு அங்குலக் குழாயில் மணலும் தண்ணீரும் கலந்து ஓடவிட்டு, எந்த வேகத்தில் எவ்வளவு அழுத்தம் வீணாகிறது என்று அளந்து 1906 இல் வெளியிட்டார். அதற்குப் பிறகு பெரிய பாய்ச்சல் 1950களின் தொடக்கத்தில், ஆல்ப்ஸ் மலையடிவாரத்து கிரெனோபிள் நகரில். டூரான், கோண்டோலியோஸ் என்ற இருவரும் அவர்கள் குழுவும் ஒன்றரை அங்குலம் முதல் ஏறத்தாழ இரண்டடி விட்டம் வரை விதவிதமான குழாய்களில், நொய்மணல் முதல் கூழாங்கல் வரை ஓடவிட்டு நூற்றுக்கணக்கான அளவீடுகள் எடுத்தார்கள். குழாயின் அடியில் மணல் படியத் தொடங்குகிற வேகம் எது என்று அவர்கள் தந்த சூத்திரத்தை இன்றும் மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு அச்சாணி போல எல்லாரும் நம்பி ஓட்டுகிறார்கள்.

அந்தச் சூத்திரத்தில் எனக்குத் தெரியாத ஒரு விஷயம் இருந்தது. குழாய் பெரிதானால் மணலைத் தூக்கிக்கொண்டு போக வேண்டிய வேகமும் கூடுகிறது, விட்டத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப. நான் விட்டத்தை ஏற்றி வேகத்தைக் குறைத்தேன். அதே கையால் தேவைப்படும் வேகத்தை ஏற்றியும் விட்டேன்.

மேஸ்திரியும் நானும் மறுநாள் போய் பம்பின் தண்ணீரை 200 லிட்டர் டிரம்மில் பிடித்தோம். பத்து வினாடியில் நிறைந்தது. அங்கேயே கிழங்கு மூட்டையின் மேல் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மூன்று அங்குலக் குழாயில் வினாடிக்குச் சுமார் 4 மீட்டர் வேகம், மணல் படியாமல் இருக்க 1.6 இருந்தால் போதும். தேவைக்கு மேல் இரண்டு மடங்குக்கும் கூடுதல், அதனால் அரிப்பு. ஆறு அங்குலத்தில் வேகம் 1 தான், தேவை 2.2. அதனால் அடைப்பு. நான்கு அங்குலத்தில் வேகம் ஏறத்தாழ 2.5, தேவை 1.8. "நாலுதான் மாமா" என்றேன், அவசரத்தில் மேஸ்திரி என்று கூப்பிட மறந்துவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே குழாய்க்கு அளவு எடுக்கப் போனார்.

அதே காலத்தில் இந்தக் கணக்குகளை நம்பி எவ்வளவு பெரிய காரியங்கள் செய்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1957 இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நிலக்கரியைப் பொடியாக்கித் தண்ணீரோடு கலந்து, பத்து அங்குலக் குழாயில் 108 மைல் தூரம் மின் நிலையத்துக்கு அனுப்பினார்கள். ரயில்காரர்கள் சரக்குக் கட்டணத்தைக் குறைத்த பிறகு 1963 இல் நிறுத்தினார்கள், குழாய் தோற்கவில்லை. நமக்குப் பக்கத்தில் கர்நாடகத்தின் குதிரேமுக்கில் இருந்து மங்களூருக்கு இரும்புத்தாது மலையிறங்கிப் போனதும் இப்படிக் குழாய் வழியாகத்தான். எங்கள் சேலத்துக் கஞ்சமலையில் கிடப்பதும் அதே காந்தத் தாதுதான்.

குழாய் தீர்ந்தது. பெண்ட் மீதி. இதற்கு விடை சொன்னவர் இயன் ஃபின்னி. 1960 இல் வந்த அவருடைய கட்டுரை மணல் துகள் ஒவ்வொன்றையும் ஒரு சின்ன உளியாகப் பார்க்கிறது. தச்சர் இழைப்புளியைச் சாய்த்துப் பிடித்துத்தானே சுருள் எடுக்கிறார், செங்குத்தாகக் குத்தினால் குழிதான் விழும். எம்.எஸ். மாதிரி நெளிகிற உலோகத்தில் மணல் இருபது டிகிரி அளவு சாய்வாக வந்து படும்போதுதான் தேய்மானம் உச்சம், நேராக மோதினால் குறைவு. கண்ணாடி மாதிரி நொறுங்குகிற பொருளில் தலைகீழ், நேர் மோதலில்தான் மோசம். என் டிராயரில் இருக்கும் பெண்டின் அலைகள் அந்தச் சாய்வுச் சீவலின் தடயம். வேகத்தைப் பற்றியும் அவர் கணக்கு இருக்கிறது: வேகம் இரட்டித்தால் தேய்மானம் நான்கு மடங்கு, சோதனைகளில் அதற்கும் மேல். நாங்கள் 4 இல் இருந்து 2.5க்கு இறங்கியதே தேய்மானத்தை மூன்றில் ஒரு பங்காக்கியிருக்க வேண்டும்.

கெட்டியும் வேண்டாம், நெளிவும் வேண்டாம் என்றால் மூன்றாவதாக ஒன்று உண்டு, ரப்பர். மணல் வந்து மோதினால் உள்வாங்கித் திருப்பி எறிந்துவிடும். ஆஸ்திரேலியாவின் கால்கூர்லி தங்கச் சுரங்கப் பகுதியில் சார்லஸ் வார்மன் 1930களின் கடைசியில் சேற்றுக்கென்றே பம்பு செய்யத் தொடங்கினார். உள்ளே ரப்பர் பதித்த அந்த வகைப் பம்புகள் இன்று உலகம் முழுக்கச் சுரங்கங்களில் ஓடுகின்றன. எங்களுக்குச் சுரங்கம் வேண்டாம், லாரி டயர் ரீட்ரெடிங் செய்கிறவர் இருந்தால் போதும், சேலத்தில் அதற்கா பஞ்சம். நீளமாக வளைகிற நான்கு அங்குல பெண்ட் ஒன்றைச் செய்து, கழற்றி மாட்ட வசதியாக ஃபிளேஞ்ச் வைத்து, உள்ளே ரப்பர் பதித்து வாங்கினோம். கல் வராமல் இருக்கத் தொட்டி வாயில் ஒரு கம்பிச் சல்லடையும் போட்டோம். அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. மில்லில் இரும்பைத் தின்பது மணல்தான், மாவு இல்லை. மரவள்ளி மாவின் மணி ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குகூட இருக்காது, மெத்தென்றும் இருக்கும். ஒரு மீட்டர் ஆழத் தொட்டியில் அரை மில்லிமீட்டர் மணல் பதினைந்து வினாடியில் அடிக்குப் போய்விடும், மாவு இறங்க நான்கு மணி நேரமாவது ஆகும். மில்லில் ராத்திரி முழுக்க மாவுப்பாலைத் தேக்கிவைப்பது அதற்காக. ஆனால் படிந்த மாவுக்கு வேறொரு குணம். சின்ன வயதில் அப்பாவோடு மில்லுக்குப் போனால் ஒரு கை ஈரமாவை அள்ளிக் கொடுப்பார்கள். இறுக்கிப் பிடித்தால் கல் மாதிரி உருண்டை, விரலைத் திறந்தால் பாலாக ஒழுகும். அழுத்தும்போது மணிகள் ஒன்றையொன்று முட்டி நெரிந்து வழிவிடாமல் நிற்கின்றன. ஈரமணலில் கால் வைத்தால் சுற்றிலும் வெளுத்துக் காய்வதைப் பார்த்து, 1885 இல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் இதற்கு நெருங்கின குணம் ஒன்றை எழுதினார். "கட்டி மாவுல மோட்டார மெல்லப் போடு" என்று அப்பா மில்காரர்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். கேட்காதவர்களின் முறிந்த ஷாஃப்டுகள் எங்கள் பட்டறைக்கு வரும். ஏன் மெல்லப் போட வேண்டும் என்று நான் அவரிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

புது பெண்ட் மாட்டி மூன்று சீசன் முடிந்துவிட்டது. சீசனுக்கு இரண்டு முறை அதைக் கழற்றி, கழுவித் துடைத்து, நன்றாகக் காயவைத்து, மில்லின் மின் தராசில் வைத்து நிறுக்கிறோம். ஃபின்னி மாதிரியானவர்கள் செய்ததும் இதைத்தான், துண்டை முன்னால் நிறுத்து, மணல் வீசி, பின்னால் நிறுத்து. முதல் நாள் 9 கிலோ 640 கிராம் இருந்தது. பொங்கல் கழிந்த வாரம் நிறுத்தபோது 9 கிலோ 515. மேஸ்திரி பம்பு ரூம் சுவரில், முந்தைய ஐந்து எண்களுக்குக் கீழே, சாக்பீஸால் தேதியோடு எழுதிவிட்டு, ஃபிளேஞ்சுக்குப் புது கேஸ்கெட் வெட்ட உட்கார்ந்தார்.